தண்ணிக்குள்ளே இதயம் படும் பாடு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஹைட்ராலிக்ஸ் லேபில் சென்ட்ரிபியூகல் பம்ப்பை ஓடவிட்டு, பிரஷர் கேஜைப் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எழுதிய அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் தடவை அடித்து, ஏழாயிரம் லிட்டர் ரத்தத்தை இறைக்கும் பம்ப் ஒன்று நமது நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மெயின்டனன்ஸ் லீவு கிடையாது, ஸ்டாண்ட்பை மோட்டாரும் கிடையாது. அந்தப் பம்ப்பைத் தண்ணீருக்கு அடியில், அதுவும் தலைக்கு மேலே பாறை மூடிய இருட்டுக் குகைக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் சற்று நோக்குவோம்.

"நமக்கு எதுக்குப்பா இந்த ஆராய்ச்சி? தேனியில் கடலா இருக்கு?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். நீரடிக் குகைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் பூமியில் உண்டாகின்றன. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் குகையாக்கிவிடும். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் இத்தகைய குகைகள் ஏராளம். நமது மேற்குத் தொடர்ச்சி மலையோ அப்படிக் கரையாத கெட்டிப் பாறை. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் கிணறு இல்லாத ஊர் உண்டா? ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர்ப் பக்கம் பாறையை வெட்டி இறக்கிய கிணறுகளில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பக்கவாட்டில் குடைந்த பொடவுகள் இருப்பது கிராமத்து மாணவர்களுக்குத் தெரியும். வெடி வைத்த இடத்தில் பாறை பிளந்து உள்வாங்கியிருக்கும். அதற்குள் ஒருவன் முங்கிப் போய்விட்டால், அந்த நேரத்துக்கு அது அவனுக்கு நீரடிக் குகைதான். ஆகவே இந்தப் பாடம் நமக்கு அந்நியமானது அல்ல.

1. அழுத்தக் கணக்கு

முதலில் நமக்குப் பழக்கமான கணக்கிலிருந்து தொடங்குவோம். நம்மைச் சுற்றியுள்ள காற்று ஏறத்தாழ 1 வளிமண்டல அழுத்தத்தைத் தருகிறது. தண்ணீரில் 10 மீட்டர் இறங்கும் ஒவ்வொரு தடவையும் இன்னொரு வளிமண்டலம் கூடிக்கொண்டே போகும். லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து இறங்கும் நான்கு பெரிய இரும்புக் குழாய்களைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். தண்ணீரின் உயரமே அழுத்தமாக மாறி டர்பைனைச் சுழற்றுகிறது. அதே விதிதான் முங்குகிற மனிதனின் உடம்பின் மீதும் வேலை செய்கிறது.

ஒரு கிணற்றில் 60 அடி தண்ணீர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 60 அடி என்றால் சுமார் 18 மீட்டர். அடியில் மொத்த அழுத்தம் 2.8 வளிமண்டலம். முல்லைப் பெரியாறு அணையில் 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அனுமதித்த நீர்மட்டம் 142 அடி. அந்த அளவு ஆழத்துக்கு ஒருவர் இறங்கினால் 5.3 வளிமண்டலம்.

இனி பாயில் விதி. அழுத்தம் கூடினால் வாயுவின் கனஅளவு அதே விகிதத்தில் குறையும். மேலே 6 லிட்டர் காற்றை இழுத்துத் தம் கட்டிய ஒருவர், அந்தக் கிணற்றின் அடிக்குப் போனால் நுரையீரலில் இருக்கும் காற்று 2 லிட்டர் சொச்சமாகச் சுருங்கிவிடும். தசையும் எலும்பும் ரத்தமும் பெரும்பாலும் தண்ணீரைப் போன்றவை, அவை அமுங்குவதில்லை. காற்று இருக்கும் இடங்கள்தான் அமுங்கும்: நுரையீரல், காது, மூக்கைச் சுற்றிய எலும்புக் குழிகள்.

சரி, நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று சுருங்கினால் அந்த இடத்தை யார் நிரப்புவது? இங்கேதான் இதயத்தின் கதை ஆரம்பமாகிறது.

2. சக்ஷன் பக்கம் திடீரென்று கூடுதல் தண்ணீர்

தரையில் நிற்கும்போது புவியீர்ப்பு காரணமாக ரத்தத்தில் ஒரு பங்கு கால்களில் தங்கி நிற்கும். கழுத்தளவு தண்ணீரில் இறங்கியதும், வெளியே இருக்கும் நீரின் அழுத்தம் கால் நாளங்களை அமுக்கி அந்த ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் நெஞ்சுப் பகுதிக்கு வந்து சேர்கிறது. ஆழம் கூடக் கூட நுரையீரலைச் சுற்றியுள்ள நாளங்களும் ரத்தத்தால் நிரம்பி, காற்று விட்டுப்போன இடத்தை ஈடு கட்டுகின்றன.

பம்ப்பின் சக்ஷன் பக்கம் அதிகத் தண்ணீர் வந்தால் டெலிவரியும் கூடும் அல்லவா? அதே போல இதயத்தின் அறைகள் விரிகின்றன. ஒவ்வொரு அடிக்கும் வெளியே தள்ளும் ரத்தம் அதிகமாகிறது. சாதாரணமாக ஒரு அடிக்கு 70 மில்லி லிட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் என்பது கணக்கு. தண்ணீரில் இறங்கியதும் இது கணிசமாக உயர்கிறது.

இதயம் விரிந்ததும் அதன் மேலறைகள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. "உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது, வெளியே அனுப்பு" என்று சிறுநீரகத்துக்கு அது தகவல் சொல்கிறது. குளத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் ஒண்ணுக்கு வருகிறதே, அதற்குக் காரணம் குளிர் மட்டுமல்ல, இதுவும்தான். நீண்ட நேரம் முக்குளிப்பவர்களுக்கு இதனால் உடம்பில் நீர் வற்றிவிடும். தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு தாகத்தில் தவிப்பது என்பது இதுதான் போலிருக்கிறது!

வாலிபனின் நல்ல இதயம் இந்தக் கூடுதல் பாரத்தைச் சிரித்துக்கொண்டே தாங்கும். ரத்தக்கொதிப்பு உள்ளவர், இதயச் சுவர் தடித்தவர் ஆகியோருக்கு அப்படி அல்ல. நெஞ்சில் சேரும் ரத்தத்தை முன்னே தள்ள முடியாமல், நுரையீரலின் நுண்ணிய நாளங்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளில் புகுந்துவிடுவதும் உண்டு. வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாமலேயே மூச்சுத் திணறும்.

3. முகத்தில் தண்ணீர் பட்டால் இதயத்துக்கு பிரேக்

அடுத்தது இயற்கை நமக்குத் தந்த ஓர் அற்புதம். இதற்கு முக்குளிப்பு அனிச்சைச் செயல் என்று பெயர் சொல்லலாம். மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்ததும், நெற்றி, கண், மூக்குப் பகுதியில் உள்ள ஐந்தாம் கபால நரம்பு மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகிறது. அங்கிருந்து பத்தாம் கபால நரம்பாகிய வேகஸ் வழியாக இதயத்துக்கு உத்தரவு வருகிறது: "மெதுவாக ஓடு." இதயத் துடிப்பு குறைகிறது. அதே சமயம் கை கால்களின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இருக்கிற ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்ற இடங்களுக்கு "ரேஷன்" போடுகிற ஏற்பாடு இது. மண்ணீரலும் சுருங்கி, தான் சேமித்து வைத்திருந்த சிவப்பணுக்களை ரத்த ஓட்டத்தில் விடுகிறது.

திமிங்கலம், சீல், வாத்து முதலியவற்றில் இது மிக வலுவாக வேலை செய்யும். வாத்தைத் தண்ணீரில் அமுக்கினால் அதன் இதயத் துடிப்பு குறைவதை 1870-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் எழுதி வைத்தார். மனிதனிடமும் இது உண்டு என்பதைச் சோதித்தவர்களில் முக்கியமானவர் ஷோலாண்டர். ஆஸ்திரேலியாவின் வட கோடியில் உள்ள முத்துக்குளிப்பவர்களை அவரும் அவரது குழுவினரும் ஆராய்ந்து 1962-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முங்கியிருக்கும்போது துடிப்பு குறைந்தது. தசைகளில் உண்டான லாக்டிக் அமிலமோ, அவர்கள் மேலே வந்த பிறகுதான் ரத்தத்தில் ஏறியது. அதாவது, முங்கியிருந்த நேரத்தில் தசைகளுக்குப் போகும் ரத்தம் கிட்டத்தட்ட வால்வு போட்டு அடைக்கப்பட்டிருந்தது என்று பொருள்.

முத்துக்குளிப்பு என்றதும் நமக்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்து முத்துக்குளிப்போர் பல நூற்றாண்டுகளாக இதையே தொழிலாகச் செய்தவர்கள். கல்லைக் கட்டிய கயிற்றில் காலை ஊன்றி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழமுள்ள முத்துப்படுகைக்கு இறங்கி, சுமார் ஒரு நிமிடத்தில் சிப்பிகளை வாரிக்கொண்டு, மேலே கயிறு பிடிப்பவர் இழுக்க, வெளியே வருவார்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்போர் இன்றும் இருக்கிறார்கள். இந்த மக்களின் இதயங்கள் வேகஸ் நரம்பின் பாடத்தைப் புத்தகம் இல்லாமலேயே படித்தவை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர்கள் தனியாக இறங்குவதில்லை. மேலே கயிறு பிடிக்கும் ஆள் ஒருவர் எப்போதும் உண்டு.

செய்முறை: இதை நீங்களே ஹாஸ்டலில் செய்து பார்க்கலாம். நாற்காலியில் அமர்ந்து ஐந்து நிமிடம் ஓய்வெடுங்கள். மணிக்கட்டில் நாடி பிடித்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பிறகு ஐஸ் போட்ட தண்ணீரில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, நெற்றியும் கண்ணும் கன்னமும் மூடும்படி வைத்து, 20 வினாடி மூச்சை அடக்குங்கள். பக்கத்தில் இருக்கும் நண்பர் நாடியை எண்ணட்டும். துடிப்பு குறைவதைப் பெரும்பாலோரிடம் காணலாம். இதயக் கோளாறு உள்ளவர்களும், அடிக்கடி மயக்கம் வருகிறவர்களும் இதைச் செய்ய வேண்டாம். தண்ணீர் நிறைந்த வாளிக்குள் தலையை விட்டுச் சோதிக்கும் வீரமும் வேண்டாம்.

4. பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒரே நேரத்தில்

இதயத்துக்கு இரண்டு நரம்புக் கட்டுப்பாடுகள் உள்ளன. பரிவு நரம்புகள் ஆக்ஸிலரேட்டர். ஓட்டம், பயம், கோபம், குளிர் அதிர்ச்சி எல்லாம் அதை அழுத்தும். எதிர்ப்பரிவு நரம்பாகிய வேகஸ் பிரேக். சாதாரண வாழ்க்கையில் ஒன்று அழுத்தும்போது மற்றது விட்டுக்கொடுக்கும்.

ரொம்பக் குளிர்ந்த தண்ணீரில் தொபுக்கென்று குதித்தால் என்ன ஆகிறது? தோலில் பட்ட குளிர், ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறது. "ஆ" என்று மூச்சு தானாக இழுக்கும், துடிப்பு எகிறும். முகத்தில் பட்ட குளிரும் அடக்கிய மூச்சும் பிரேக்கை அழுத்துகின்றன. இரண்டும் ஒரே சமயத்தில்! ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் வண்டி குலுங்குவது போல, இதயமும் தாளம் தப்பித் துடிக்கத் தொடங்கலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஷாட்டக், டிப்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் இதைத் தன்னியக்க நரம்புகளின் மோதல் என்று விளக்கினார்கள். நல்ல இதயத்தில் இந்தத் தாளக்குறை சில வினாடிகளில் சரியாகிவிடும். ஏற்கனவே இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவிக் குறை உள்ளவர்களுக்கு அது உயிருக்கே உலை வைக்கலாம். நீச்சல் நன்றாகத் தெரிந்த சிலர் குதித்த மாத்திரத்தில் மூழ்கிப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்கிறார்கள். "கிணத்துக்குள்ள இருக்கிற பேய் காலைப் பிடிச்சு இழுத்துச்சு" என்று ஊரில் சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு விஞ்ஞானம் ஒளிந்திருக்கலாம்.

நம் கிணறுகளின் தண்ணீர் ஐரோப்பிய ஏரிகளைப் போல உறைகுளிர் அல்ல. ஆனாலும் தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். ஆகவே முதலில் கை கால், முகம் நனைத்துவிட்டு இறங்குவது என்ற நம் பெரியவர்களின் பழக்கம் மூடநம்பிக்கை அல்ல.

5. குகைக்குள் போனால்

இதுவரை பார்த்தது திறந்த தண்ணீர். மேலே வானம் தெரியும். ஆபத்து என்றால் மேலே வந்துவிடலாம். குகையில் அது முடியாது. மேலே பாறை. வந்த வழியே திரும்பினால்தான் காற்று. ஒரு காலை உதைத்தால் அடியில் உள்ள சகதி கலங்கி, கையில் உள்ள விளக்கே தெரியாது. இந்த நிலையில் பயம் வருவது இயற்கை. பயம் வந்தால் அட்ரினலின். அட்ரினலின் வந்தால் இதயம் வேகம் எடுக்கும், மூச்சும் வேகம் எடுக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 வளிமண்டல அழுத்தத்தில் காற்று அடைத்தால் மொத்தம் 2,400 லிட்டர் காற்று. அமைதியாக இருப்பவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பதாக வைத்தால், தரையில் 120 நிமிடம் வரும். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 மடங்கு. ஆகவே அதே காற்று 30 நிமிடம்தான். பயந்துபோய் மூன்று மடங்கு வேகமாக மூச்சு வாங்கினால்? வெறும் 10 நிமிடம்! சிலிண்டர் மாறவில்லை, ஆழம் மாறவில்லை. மாறியது மனம் மட்டுமே. இதனால்தான் குகை முக்குளிப்போர் காற்றை மூன்று பங்காக்கி, ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, மூன்றாம் பங்கு ஆபத்துக்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். நுழைவாயிலிலிருந்தே வழிகாட்டிக் கயிறு ஒன்றையும் விடாமல் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஆழம் கூடினால் இன்னொரு தொல்லை. காற்றின் அடர்த்தியும் கூடுகிறது. 30 மீட்டரில் சுவாசிக்கும் காற்று தரையில் உள்ளதைப் போல 4 மடங்கு கனமானது. மெல்லிய குழாயில் கெட்டி எண்ணெய் ஓட்டுவது போல, மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிடும். வெளியேற வேண்டிய கரியமிலவாயு உடம்பில் தங்கும். கரியமிலவாயு கூடினால் மூச்சு முட்டும். மூச்சு முட்டினால் பயம். பயந்தால் இதயம் ஓடும். ஓடினால் மேலும் கரியமிலவாயு. இந்தச் சுழலில் சிக்கியவர் மீள்வது கடினம். 2005 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல் என்ற நீரடிக் குகையில், 270 மீட்டர் ஆழத்தில், பத்தாண்டுகளுக்கு முன் இறந்த ஓர் இளைஞனின் உடலை மீட்கப் போன டேவ் ஷா என்ற அனுபவசாலி உயிரிழந்தார். அங்கே அழுத்தம் 28 வளிமண்டலம். உடலை அப்புறப்படுத்தக் கொஞ்சம் கூடுதலாக உழைத்ததும், கரியமிலவாயு ஏறி அவர் நினைவிழந்தார். அவரது தலையில் இருந்த காமிராவில் பதிந்த மூச்சுச் சத்தத்தைக் கொண்டே டாக்டர்கள் இதைக் கண்டறிந்தார்கள். அடர்த்தியைக் குறைக்கத்தான் ஆழத்துக்குப் போகிறவர்கள் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிக்கிறார்கள். ஹீலியத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

6. மேலே வரும்போது

ஆழத்தில் அழுத்தம் காரணமாக நைட்ரஜன் வாயு ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும். சோடா பாட்டிலை மெதுவாகத் திறந்தால் பிரச்சினை இல்லை. சட்டென்று திறந்தால் நுரை பொங்கும். மனிதனும் சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் குமிழிகள் உண்டாகும். 1908-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹால்டேன், ஆடுகளை வைத்துச் சோதனை செய்து, எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் நின்று நின்று மேலே வர வேண்டும் என்று அட்டவணை போட்டார். தம் கட்டி ஒரு தடவை கிணற்றில் முங்கி எழுகிறவருக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. சிலிண்டர் காற்றைச் சுவாசித்து நீண்ட நேரம் அடியில் இருப்பவருக்கே இது.

இந்தக் குமிழிகள் சிரைகள் வழியாக இதயத்தின் வலது பக்கம் வந்து, நுரையீரலுக்குப் போகும். நுரையீரல் ஒரு ஃபில்டர் போல அவற்றைப் பிடித்து வெளியேற்றிவிடும். இங்கே ஒரு சூட்சுமம். தாயின் வயிற்றில் இருக்கும்போது இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் இடையே ஒரு துவாரம் இருக்கும். பிறந்ததும் அது மூடிக்கொள்ள வேண்டும். சுமார் நாலு பேரில் ஒருவருக்கு அது முழுதாக மூடுவதில்லை. லீக் ஆகும் நான்-ரிட்டர்ன் வால்வு மாதிரி இருந்துகொண்டே இருக்கும். தரையில் வாழும் வரை அதனால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆழ்ந்த முக்குளிப்புக்குப் பின் குமிழி அந்த வழியாக இடது பக்கம் தாவி, ஃபில்டரைத் தப்பி, மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம் போன்ற விளைவு வரலாம்.

7. தாய்லாந்து சொன்ன பாடம்

2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களும் அவர்களின் கால்பந்துப் பயிற்சியாளரும் மழை வெள்ளத்தால் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ஜூலை 2-ஆம் தேதி இரண்டு பிரிட்டிஷ் முக்குளிப்போர் அவர்களை உயிரோடு கண்டுபிடித்தார்கள். வெளியே தண்ணீரை இறைத்தபடி இருந்தார்கள். இந்தியாவிலிருந்து கிர்லோஸ்கர் பிரதர்ஸ் நிறுவனத்துப் பொறியாளர்களும் போய் அந்த வேலைக்கு ஆலோசனை தந்தார்கள் என்பது பம்ப் படிக்கும் நமக்குப் பெருமை.

அந்தக் குகையில் தண்ணீர் அவ்வளவு ஆழம் இல்லை. ஆனால் வழி நீளம், இடுக்கு, கலங்கல். நீச்சலே சரியாகத் தெரியாத சிறுவன் பாதி வழியில் பயந்து முகமூடியைப் பிடுங்கினால் அவனும் போவான், கூட்டி வருபவரும் போவார். அப்போது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மயக்க மருந்து நிபுணரும் குகை முக்குளிப்பவருமான டாக்டர் ரிச்சர்ட் ஹாரிஸ் ஒரு முடிவு எடுத்தார்: சிறுவர்களை மயக்கத்தில் ஆழ்த்தி, முழு முகமூடி மாட்டி, சாமான் போல் சுமந்து வருவது. பதற்றம் தணிய ஒரு மாத்திரை, எச்சில் சுரப்பைக் குறைக்க அட்ரோபின், மயக்கத்துக்குக் கெட்டமின் ஊசி. பல மயக்க மருந்துகள் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் சரித்துவிடும். கெட்டமின் அவற்றைப் பெருமளவு காப்பாற்றும். இதயம் என்ற பம்ப்பை நிறுத்தாமல், பயம் என்ற சுவிட்சை மட்டும் ஆஃப் செய்த ஏற்பாடு அது. ஜூலை 8 முதல் 10 வரை 13 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

அந்த வெற்றிக்கு விலையும் உண்டு. ஜூலை 6 அன்று, குகைக்குள் காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய சமான் குணான் என்ற முன்னாள் கடற்படை வீரர் நினைவிழந்து இறந்தார். அவர் நல்ல உடற்கட்டு உள்ள விளையாட்டு வீரர். நல்ல இதயம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு அவரது மரணம் சாட்சி.

நமது நாட்டிலும் இதே சோதனை வந்தது. 2018 டிசம்பர் 13 அன்று மேகாலயாவின் க்ஸான் என்ற இடத்தில் எலிவளை நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 15 தொழிலாளர்கள் சிக்கினார்கள். 2025 ஜனவரியில் அஸ்ஸாமின் உம்ராங்சோவிலும் அப்படியே. இரண்டு இடத்துக்கும் கடற்படை முக்குளிப்போர் போனார்கள். கலங்கிய தண்ணீர், இடிந்த மரச் சட்டங்கள், எங்கே திரும்பும் என்று தெரியாத எலிவளைகள். க்ஸானில் மனிதன் போக முடியாத இடத்துக்கு நீரடி ரோபோவைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த மாதிரி ரோபோவைச் செய்வதும், பழுது பார்ப்பதும் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் படிக்கும் நம்மைப் போன்றவர்களின் வேலை என்பதை மறக்க வேண்டாம்.

8. நம்ம ஊர்க் கிணற்றுக்கு வருவோம்

விடுமுறை வந்தால் கிணறும், பதினெட்டாம் கால்வாயும், முல்லையாறும் நம்மைக் கூப்பிடும். "யார் ரொம்ப நேரம் தம் கட்டுறது?" என்று பந்தயம் கட்டுவோம். பந்தயத்தில் ஜெயிக்க, முங்குவதற்கு முன் வேக வேகமாகப் பத்து இருபது மூச்சு இழுத்து விடுகிற தந்திரம் சிலருக்குத் தெரியும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, கரியமிலவாயு கூடுவதால். வேகமாக மூச்சு விட்டால் கரியமிலவாயு வெளியே போய்விடும். ஆக்சிஜன் பெரிதாகக் கூடிவிடாது. அதாவது, டாங்கியில் பெட்ரோல் கூடவில்லை. ரிசர்வ் வந்துவிட்டது என்று காட்டும் விளக்கை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2 மடங்கு. அங்கே நுரையீரலில் ஆக்சிஜன் 8 சதவீதமாகக் குறைந்திருந்தாலும், அழுத்தத்தால் அது 16 சதவீதம் போல வேலை செய்யும். ஆள் தெளிவாகவே இருப்பான். மேலே வர வர அழுத்தம் பாதியாகும். 8 சதவீதம் வெறும் 8 சதவீதமாகிவிடும். அந்த அளவில் மூளை அணைந்துவிடும். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் கீழே, எந்த எச்சரிக்கையும் இல்லாமல், சத்தமில்லாமல் மயங்கிப் போவான். மேலே நிற்கும் நண்பர்கள் "இன்னும் தம் கட்டிக்கிட்டு இருக்கான்டா" என்று கைதட்டிக்கொண்டிருப்பார்கள். இதயம் மட்டும் இன்னும் சில நிமிடம் அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சில நிமிடம்தான் அவனைக் காப்பாற்ற நமக்குள்ள அவகாசம்.

ஆகவே நினைவில் வைக்க வேண்டியவை:

• முங்குவதற்கு முன் வேகமூச்சு விடாதீர்கள். பந்தயமும் வேண்டாம்.

• தனியாக இறங்காதீர்கள். மன்னார் முத்துக்குளிப்போரைப் போல, மேலே ஒரு ஆள் கண் வைத்திருக்கட்டும்.

• பொடவு உள்ள கிணற்றில் பாறைக்கு அடியில் புகாதீர்கள். விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி இருக்கிறது. அதற்காக ஆள் இறங்க வேண்டியதில்லை.

• நெஞ்சு படபடப்பு, மயக்கம் வருகிறவர்களும், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் நடந்தவர்களும் டாக்டரிடம் ஒரு முறை இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

• ஒருவன் மூழ்கினால் அடுத்தவன் உடனே குதிக்க வேண்டாம். கயிறு, லாரி ட்யூப், காலி பிளாஸ்டிக் கேன், வேட்டி எதையாவது வீசுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

• வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதி, பிறகு நெஞ்சின் நடுவில் அழுத்தி, மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருங்கள். என்.எஸ்.எஸ். முகாமில் இந்த முதலுதவியைக் கற்றுத் தரும்போது பின்வரிசையில் தூங்காமல் கற்றுக்கொள்ளுங்கள்.

சிந்திக்கச் சில கேள்விகள்

(அ) வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. அவ்வளவு ஆழத்தில் மொத்த அழுத்தம் என்ன? 6 லிட்டர் நுரையீரல் எவ்வளவாகச் சுருங்கும்?

(ஆ) 12 லிட்டர் சிலிண்டர், 200 வளிமண்டலம், 20 மீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசம். மூன்றில் ஒரு பங்கு விதிப்படி உள்ளே போக எத்தனை நிமிடம் கிடைக்கும்?

(இ) ஒரு பம்ப்பின் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் மோதாமல் இருக்க, தண்ணீரில் இறங்கும் முன் நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

விடைகள்: (அ) சுமார் 3.2 வளிமண்டலம், 1.9 லிட்டர். (ஆ) சுமார் 13 நிமிடம். (இ)-க்கு விடை நான்காம் பகுதியில் இருக்கிறது, திரும்பப் படித்துக்கொள்ளுங்கள்.

லேபில் பம்ப் கெட்டால் இம்பெல்லரை மாற்றலாம், புதிதாக இன்டென்ட் போட்டு வாங்கலாம். நெஞ்சுக்குள் இருப்பதற்கு ஸ்பேர் கிடையாது. லீவு முடிந்து அடுத்த செமஸ்டருக்கு வகுப்பு முழுவதும் திரும்பி வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் ஆசை.